திறக்கக் கூடாத கல்யாணப் பத்திரிகை

மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எங்கள் அலுவலகத்தில் இணையத் திருடர்களைப் பற்றி ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். திருவையாற்றுப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம். நெல்லும் உரமும் பார்க்கிற எங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது பாதி போலீஸ்காரி ஆகியிருந்தேன்.

வந்தவர் திருடர்களை வகை பிரித்துச் சொன்னார். பணத்துக்காக வருகிறவன் ஒருவன். எவனோ செய்துவைத்த கருவியை எடுத்துக்கொண்டு, பெயர் வாங்குவதற்காகவே கைவரிசை காட்டும் விடலை ஒருவன். கொள்கை பேசி வலைத்தளத்தை முடக்குகிறவன், இன்னொரு நாட்டுக்காக வேவு பார்க்கிறவன் என்று பட்டியல் நீண்டது. எல்லாரிலும் ஆபத்தானவன் உள்ளேயே இருப்பவன்தானாம். மனத்தாங்கலோடு இருப்பான், பூட்டை உடைக்க வேண்டியதில்லை, சாவி அவனிடமே இருக்கும்.

அன்று சாயங்காலமே வீட்டில் பாடம் எடுத்தேன். என் கணவர் வண்டி நம்பரைக் கடவுச்சொல்லாக வைத்திருந்ததைக் கண்டுபிடித்து மானத்தை வாங்கினேன்.

"சரி, உள்ளாள் நான்தான், ஒத்துக்கறேன். காபி கிடைக்குமா?" என்றார் அவர்.

நான்காம் நாள் காலை, அலுவலகத் தோழியின் எண்ணிலிருந்து 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு கோப்பு வந்தது. அவள் வீட்டில் கல்யாண வயதில் யாருமே கிடையாது. அது எனக்குத் தோன்றினால்தானே! பத்திரிகை வந்தும் பிரித்துப் பார்க்காமல் இருப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. நம் முகூர்த்தத் தேதியிலேயே அவர்களும் வைத்துவிட்டார்களோ என்ற பதைப்பு வேறு. தொட்டேன். அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. பந்தியில் 'போதும்' என்று சொல்லக் கூச்சப்படுகிறவள் மாதிரி எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன். சற்று நேரத்தில் அதே அழைப்பிதழ் என் எண்ணிலிருந்து ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

மகள் போனைப் பிடுங்கி இணைப்பைத் துண்டித்தாள். "கிளாஸுக்குப் போயிட்டு வந்தது நீயா அப்பாவாம்மா?" என்றாள். வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தினோம். நல்லவேளை, எதுவும் போகவில்லை. போனைச் சுத்தம் செய்த கையோடு எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன்: "என் எண்ணிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைத் தயவுசெய்து யாரும் திறக்காதீர்கள்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கும்பகோணத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு, அதாவது என் மகளின் தாய்மாமனுக்கு, நிஜப் பத்திரிகையையும் நான் போனில்தான் அனுப்பியிருந்தேன். மற்ற சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் தட்டோடு போனவள், அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அம்மா வீட்டு மாமரத்தை என்னைக் கேட்காமல் வெட்டிவிட்டார் என்று இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. வெறும் வீம்பு. இப்போது அந்த ஒரு அழைப்பையும் திறக்காதே என்று நானே எழுதியாயிற்று. தாய்மாமன் வராமல் என் பெண் எப்படி மணவறையில் உட்காருவாள்?

அடுத்த பஸ்ஸில் நானும் கணவரும் தட்டு, வெற்றிலை பாக்கு, அச்சடித்த பத்திரிகையோடு கும்பகோணம் போனோம். அண்ணன்தான் கதவைத் திறந்தார். "வா" என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள், போனைப் பற்றிக் கேட்டேன்.

"போன்ல வந்ததத் திறந்தீங்களா அண்ணே?" என்றேன்.

"ரெண்டு வந்துச்சு. ரெண்டயும் திறக்கல. போன்ல வந்தா அது சேதி. தங்கச்சி வீட்டுப் பத்திரிகை நேர்லதான் வரணும்."

அண்ணி உள்ளேயிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்துவந்தார். "மாமன் சீருக்கு எடுத்துப் பத்து நாளாச்சும்மா. பஸ் சத்தம் கேட்டா போதும், வாசலுக்குப் போயிடறாரு."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மனத்தாங்கலோடு சாவியைக் கையில் வைத்திருந்த ஆள் யாரென்று, பயிற்சியில் புரியாதது அங்கே புரிந்தது.

தட்டை வாங்கிக்கொண்ட அண்ணன் பத்திரிகையை உடனே பிரிக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதத் திறக்கலாமாம்மா, ஒண்ணும் ஆயிடாதே?" என்றார். பிறகு பிரித்து, தாய்மாமன் என்று அச்சிட்டிருந்த இடத்தைத் தேடி, தன் பெயர் மேல் விரலை வைத்தார். காபி வந்து ஆறும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.