பதின்மூன்றாம் நாளில் போகாத மீன்

மஹீன் கானுமுக்கு இடது காது முழுதாகவும் வலது காது பாதியாகவும் போய்விட்டது. கல்யாணமான புதிதில் காஷானின் வெல்வெட் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர், ஆலையைப் பூட்டும் வரை தறிகளுக்கு நடுவிலேயே நின்றிருந்தார். காது கேளாதவர்களுக்கே உரிய வழக்கப்படி அவர் கத்திப் பேசுவார். அவரோடு பேசுகிறவர்களும் கத்தித்தான் ஆகவேண்டும். அவருக்கு நேர் கீழ்வீட்டில் நான் குடியிருக்கிறேன். அந்த வீட்டுச் செய்திகள் எனக்குத் தெரிந்தது ஒட்டுக்கேட்டு அல்ல.

ஆலை மூடிய பிறகு வீட்டிலேயே திரைச்சீலைகளும் மெத்தை உறைகளும் தைத்தார். கணவர் யதுல்லா மினிபஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். அதிகம் பேசாத மனிதர். மனைவியைக் கத்திக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. கூப்பிட வேண்டுமானால், விரலில் போட்டிருந்த அகீக் கல் மோதிரத்தால் மேஜையைத் தட்டுவார். கனமான பழைய வால்நட் மேஜை. அந்தச் சத்தம் மரம் வழியாகத் தரைக்கு இறங்கி, அடுப்படியில் நிற்கிற மஹீன் கானுமின் பாதத்துக்குப் போய்விடும். இரண்டு தட்டு என்றால் தேநீர். ஒரு தட்டு என்றால் சும்மா வந்து உட்கார் என்று அர்த்தம். இதை மஹீன் கானுமே ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், கத்தித்தான்.

ஒரு வருஷம் புத்தாண்டுக்கு யதுல்லா ஒரு சிவப்பு மீன் வாங்கி வந்தார். எல்லோரும் வாங்குவதுதான். விரிப்பில் முளைப்பயிர், ஆப்பிள், பூண்டு, வினிகர், அவற்றோடு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மீன். விரல் நீளம்கூட இருக்காது. புத்தாண்டு பிறந்த பதின்மூன்றாம் நாள் குடும்பத்தோடு வெளியே போய், ஓடுகிற தண்ணீரில் முளைப்பயிரை எறிந்துவிட்டு, மீனையும் எங்காவது விட்டுவிட்டு வருவது வழக்கம். அன்றைக்கு வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கழிந்த வருஷத்தின் கெட்டதெல்லாம் அந்தப் பயிரோடு போக வேண்டும், அது போகிறபோது மனிதர்கள் உள்ளே இருந்தால் அவர்களோடு ஒட்டிக்கொண்டுவிடும் என்பார்கள்.

அந்தப் பதின்மூன்றாம் நாள் யதுல்லா, முழங்கால் வலிக்கிறது, இந்தத் தடவை போக வேண்டாம் என்றார். மஹீன் கானுமுக்குத் தைத்து முடிக்க வேண்டிய திரைச்சீலைகள் இருந்தன. சரி என்றார். கட்டடமே காலியாக இருந்தது, நாங்களும் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். சாயங்காலம் இரண்டு தட்டு கேட்டது. கெண்டியில் தேயிலைச் சாயம் இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருந்து ஊற்றிக் கொண்டுவந்தபோது, யதுல்லா மேஜையில் தலை சாய்த்திருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விரிப்பைச் சுருட்டினார்கள். மஞ்சளாகிப்போன முளைப்பயிரை யதுல்லாவின் தங்கை ஃபரங்கீஸ் சாக்கடையில் கொண்டுபோய்க் கொட்டினார். அலமாரி மேல் யாரோ தூக்கி வைத்த மீன் மட்டும் யார் நினைவுக்கும் வரவில்லை. நாற்பதாம் நாள் அலமாரியைத் துடைக்க ஏறியபோதுதான் மஹீன் கானும் பார்த்தார். தண்ணீர் பாதியாக வற்றிக் கலங்கியிருந்தது. மீன் உயிரோடு இருந்தது.

கிண்ணத்தில் சாகிற மீனைத்தான் எங்களுக்குத் தெரியும். இது சாகவில்லை. கிண்ணத்திலிருந்து ஊறுகாய் ஜாடிக்கும், ஜாடியிலிருந்து துணி அலசும் தொட்டிக்கும் போனது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார். அதன் கனத்தைத் தாங்க வீட்டில் ஒரே ஒரு மேஜைதான் இருந்தது.

தொட்டி விற்றவர் அடியில் போடக் கூழாங்கல்லும் கொடுத்திருந்தார். மீன் இரை தேடிக் கல்லை வாயில் அள்ளும். அதில் ஒன்றும் இல்லையென்று தெரிந்ததும் துப்பும். கல் கண்ணாடியில் பட்டு விழும். வேறு வீட்டில் என்றால் அது யார் காதிலும் விழாத சத்தம். இங்கே அது மேஜைக்கு இறங்கியது, மேஜையிலிருந்து தரைக்கு.

எனக்கே அது கேட்கும். வேலை முடிந்து வந்து கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது மேலே டொக் என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று. உடனே தையல் இயந்திரம் நிற்கும். காலடிகள் அடுப்படியிலோ ஜன்னலோரத்திலோ தொடங்கி மேஜை வரை வந்து நின்றுவிடும். திரும்பிப் போகிற காலடி நெடுநேரம் கேட்காது.

வருஷா வருஷம் பதின்மூன்றாம் நாள் வந்தது. முதல் தடவை மஹீன் கானும் தொட்டியின் தண்ணீரை வாளியில் இறைத்து, மீனையும் அதில் எடுத்துவிட்டு, வெளியே காற்று அடிக்கிறது என்று திரும்பத் தொட்டியிலேயே விட்டார். அடுத்த தடவை கார் வரத் தாமதம் என்றார். அதற்கடுத்த தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை, கதவைத் திறக்கவில்லை. அன்றைக்கும் வீட்டுக்குள்ளேதான் இருந்தார். மீன் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. தொட்டியின் குறுக்கே திரும்ப வேண்டுமென்றால் உடம்பை மடக்கித்தான் திரும்பும். அப்படி மடக்கி மடக்கி அதன் முதுகு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது.

இந்தக் கோடையில் தினமும் மின்சாரம் போனது. போனால் தொட்டிக்குக் காற்று அடிக்கும் சின்ன மோட்டாரும் நின்றுவிடும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மஹீன் கானும் ஆஷ் கஞ்சி ஊற்றும் கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார். மின்சாரம் வரும் வரை கை ஓயாது. அப்படி ஒரு மத்தியானம் ஃபரங்கீஸ் வந்தார். கூலர் ஓடாததால் கதவெல்லாம் திறந்து கிடந்தது. ஐஸ் கட்டி கேட்க நானும் மேலே போயிருந்தேன்.

"அண்ணி, இது மீனா ஆட்டுக்குட்டியா? இன்னும் ஒரு வருஷம் போனா ஈத் பெருநாளுக்கு அறுத்துடலாம் போல இருக்கே!"

"வாய மூடு. அதுக்குக் காது கேக்கும்."

"உங்களுக்குக் கேக்காதது அதுக்குக் கேக்குதாக்கும்! கரண்டிய என்கிட்ட குடுங்க. எவ்வளவு நாளைக்கு இப்படி ஊத்திக்கிட்டே நிக்கப் போறீங்க?"

"பதிமூணாம் நாள் வரட்டும். கொண்டுபோய் விட்டுடறேன்."

"பதிமூணாம் நாளா? அண்ணி, வெளிய நெருப்பு கொட்டுது. நடுவுல ஒரு குளிர்காலமே கிடக்கு. மீன் காலண்டர் பாத்துக்கிட்டா மூச்சு விடுது?"

"அன்னைக்கு விட்டாத்தான் ஆச்சு. மத்த நாள்ல விட்டா மீன்தான் போகும். அந்த வருஷம் போகாது. வீட்டுலயே தங்கிடும்."

"தங்கிடுமா? இப்ப மட்டும் எங்க இருக்காம்?" ஃபரங்கீஸ் மேஜையில் உள்ளங்கையை ஊன்றிக் குனிந்தார். "இதோ, இந்த மேஜை மேலதான் சப்பணம் போட்டு உக்காந்திருக்கு. நான் சொல்லல, ஊரே சொல்லுது. இவரு கீழ்வீட்டுல இருக்காரே, கேளுங்க!"

நான் ஐஸ் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மீன் கீழே இறங்கி ஒரு கல்லை அள்ளித் துப்பியது. டொக்.

ஃபரங்கீஸ் சூடு பட்டதுபோல் கையை எடுத்தார். முகத்தில் இருந்த கேலி அப்படியே போய்விட்டது. மீன் இன்னொரு முறை துப்பியது. இரண்டு தட்டு.

"எத்தன நாளா அண்ணி?"

மஹீன் கானும் கரண்டியை நிறுத்தவில்லை. "கல்லு போட்டதுலேருந்து."

"இதுக்காகத்தான் வெச்சிருக்கீங்களா?"

"பெரிய தண்ணில விட்டா இந்தச் சத்தம் கேக்காதுடி."

"முதுகு கோணிப் போய்க் கிடக்கு. இன்னும் ஒரு மாசம் தாங்காது. எங்கண்ணன இப்படி ஒரு பெட்டில போட்டு அடைச்சு வெப்பீங்களா நீங்க?"

"வெச்சேனே. அன்னைக்கு அவரு போகவேண்டாம்னாரு. எழுந்திரிங்க, கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாம்னு நான் ஒரு வார்த்த சொல்லல. திரைச்சீலை தைக்கணும்னு சந்தோஷமா உக்காந்துக்கிட்டேன்."

இதை அவர் கத்தித்தான் சொன்னார். எதையும் அப்படித்தான் சொல்வார். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஃபரங்கீஸ் கரண்டியை வாங்கித் தானே ஊற்றத் தொடங்கினார். மின்சாரம் வந்து கூலர் உறுமும் வரை அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை மஹீன் கானும் என் கதவைத் தட்டினார்.

"கார் இருக்கா?"

"இருக்கு கானும். எங்க போகணும்?"

"மலையடி தர்காவுக்கு. குளம் இருக்கே, அங்க."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்குத்தான். என்ன நாள், என்ன கிழமைன்னு மட்டும் சொல்லாதே."

வாளியில் மீன் அடங்கவில்லை. நேர்த்திக்கடனுக்கு ஆஷ் கிண்டும் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் விட்டு, மேலே ஈரத்துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக அவர் பாவாடை நனைந்துகொண்டே வந்தது. இரவு அங்கேயே தங்கிவிட்ட ஃபரங்கீஸ் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரத்தின் காதைப் பிடித்திருந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் என்னைத் திட்டினார்.

தர்காவின் காவல்காரர் ரஜப்அலி தூரத்திலேயே கையை ஆட்டினார். "மீன் வேண்டாம், மீன் வேண்டாம்! புத்தாண்டு முடிஞ்சா ஊரே கிண்ணத்தத் தூக்கிட்டு வந்துடுது. இப்ப கோடையிலயும் ஆரம்பிச்சாச்சா?"

"இது அந்த மாதிரி மீன் இல்ல," என்றார் ஃபரங்கீஸ்.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க தங்கச்சி." துணியை விலக்கிப் பார்த்தார். "யா அலி! இதப் பொரிச்சா எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ரெண்டு வேளைக்கு ஆகுமே!"

"என்ன சொல்றான்?" என்று கேட்டார் மஹீன் கானும்.

"அழகா இருக்குங்கறாரு அண்ணி!"

ரஜப்அலி கொஞ்சம் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு மஹீன் கானுமின் காதுக்குப் பக்கத்தில் வந்து நிதானமாகச் சொன்னார்: "விடுங்க அம்மா. ஆனா விட்டுட்டா இது தர்கா சொத்து. அப்புறம் வந்து, வீடு வெறிச்சுனு இருக்கு, என் மீனத் திருப்பிக் குடுன்னு நிக்கக் கூடாது. அப்படி நின்னவங்கள நான் பாத்திருக்கேன். யாருக்கும் குடுத்ததில்ல."

மஹீன் கானும் பாத்திரத்தைப் பார்த்தார். "கேக்க மாட்டேன்," என்றார்.

குளத்தின் ஊற்றுத் தண்ணீர் சில்லென்று இருந்தது. அதைக் கிண்ணம் கிண்ணமாக மொண்டு பாத்திரத்தில் ஊற்றி மீனைப் பழக்கினார். அவசரப்படவில்லை. பிறகு நானும் ஃபரங்கீஸும் பிடித்துக்கொள்ள, பாத்திரத்தைக் குளத்துக்குள் மெல்லச் சாய்த்தார்.

மீன் வெளியே வந்து அசையாமல் நின்றது. அப்புறம் நீந்தியது. ஒரு கை நீளம் போய் நின்றது. உடம்பை மடக்கித் திரும்பியது. ஒரு கை நீளம் வந்தது, மறுபடி மடக்கித் திரும்பியது. குளத்தின் மற்ற மீன்கள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தன. சில அதன் பக்கமாகவே கடந்து போயின. இது மட்டும் தொட்டியின் நீளம், தொட்டியின் அகலம், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை. தண்ணீரில் நான்கு பக்கமும் கண்ணாடி நிற்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"அட முட்டாளே, போயேன்!" ஃபரங்கீஸ் கரையில் உட்கார்ந்து தண்ணீரை அறைந்தார்.

"அடிக்காதே. தெரியறப்போ தெரிஞ்சுக்கும்."

"தெரியவே இல்லேன்னா?"

மஹீன் கானுமுக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தார். நடுப்பகல் தொழுகைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மீன் அந்த இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தது. சில சமயம் மூலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்று, வாயைத் திறந்து எதையோ துப்பும். துப்பியது படுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

சாயங்கால வெயில் மதில் மேல் ஏறியதும் ரஜப்அலி சாவிக்கொத்தோடு வந்தார். மஹீன் கானும் கையூன்றிக் குனிந்து, பாதி கேட்கும் வலது காதைத் தண்ணீரை ஒட்டி வைத்தார். முக்காட்டின் நுனி குளத்தில் மிதந்தது.

"என்ன கேக்குது அண்ணி?"

அவர் நிமிராமலே கையைத் தூக்கி எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். ரஜப்அலிகூடச் சாவிகளை உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்கல," என்றார் மஹீன் கானும். மூன்றடி தள்ளி நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னார். அப்புறம் எழுந்து, முக்காட்டைப் பிழிந்துவிட்டு, காலிப் பாத்திரத்தை ஃபரங்கீஸிடம் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அது இன்னும் அந்த அளவுக்குள்ளேயேதான் திரும்பிக்கொண்டிருந்தது.