விமானத்தைச் சாரலில் தேடினோம்

குற்றாலத்துக்கு மேலே கிராம்பு எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது, சாரல் பெய்கிற மாதங்களில் ஒரு தகரத்தில் வடிகிற தண்ணீரைத்தான் தினமும் குடித்தேன். இரண்டு பாறைக்கு நடுவே அந்தத் தகரம் சொருகிக் கிடந்தது. ஓடைத் தண்ணீர் அதன் மேல் ஓடிக் கீழே விழும். துருவே இல்லை. ஓரத்தில் வரிசையாக ரிவிட் ஆணிகள். எஸ்டேட்டில் யாரோ வைத்தது என்று நினைத்தேன்.

எஸ்டேட் வேலையை விட்டுப் பல வருஷம் கழித்து ஒரு விமானத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது காணாமல் போனது. கேரளாவிலிருந்து மதுரைக்கு ஒருவர் தனியாக ஓட்டி வந்திருக்கிறார். போய்ச் சேரவில்லை. விமானத்தோடு வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார் என்று பேச்சு. நான் தகரத்தைப் பற்றிச் சொன்னேன். கூட்டிப் போகச் சொன்னார்கள். சித்திரை மாதம். வழுக்காது, அட்டை கடிக்காது என்று அந்த மாதத்தில் வந்திருந்தார்கள். மூன்று நாள் சுற்றினேன். இடம் தெரியவில்லை.

ஊரில் எனக்கு 'பிளேன்' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை.

போன ஆனியில் அந்த விமானியின் மகள் வந்தார். அறுபது தாண்டியவர். அலைந்து திரிந்து, தேடுவதற்குத் திரும்பவும் அனுமதி வாங்கியிருந்தார். என் மங்குஸ்தான் பழக்கடை முன்னால் வந்து நின்றார்.

"அப்பா எங்களை விட்டு ஓடலைன்னு எங்கம்மா உயிரோட இருக்கும்போதே காட்டணும். இதான் கடைசித் தடவை. அப்புறம் அனுமதி கிடையாது" என்றார்.

கூட வந்த வனக் காவலர் சிரித்தார்.

"பிளேன் அண்ணாச்சிகிட்டயா கேக்குதீங்க? மூணு நாள் சுத்தி ஓணானைக் கண்டுபிடிச்ச ஆளும்மா! சித்திரை வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"சித்திரையில போனா ஓணான்தான் இருக்கும். இப்பப் போவணும்" என்றேன்.

"சாரல்லயா? அட்டை ரத்தத்தை உறிஞ்சிப்புடும் வேய்!"

"உமக்குக் கொஞ்சம் கொறஞ்சா நல்லதுதான்."

அந்தம்மா சிரித்துவிட்டார்.

மலையில் எனக்கு வழி தண்ணீர்தான். இந்த ஓடை அந்த ஓடையோடு சேருகிற இடம், சத்தம் மாறுகிற இடம். சித்திரையில் எல்லாம் வெறும் கல். எது எந்த ஓடை என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்கே பிந்தித்தான் புரிந்தது. அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை.

அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீரைப் பூசிக்கொண்டு விடியவும் மூவரும் ஏறினோம். ஓடைகள் சேருகிற இடத்தில் இடது பக்கம் திரும்பினேன். தயங்கவில்லை. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

தகரம் அப்படியே இருந்தது. அந்தம்மா ரிவிட்டுகளைத் தடவிப் பார்த்தார். கை ஏந்தித் தண்ணீர் குடித்தார்.

காவலர்தான் மேலே முதலில் ஏறினார். வேருக்கு அடியில் இன்ஜின் புதைந்து கிடந்தது. பாசியைச் சுரண்டினார். எண் தெரிந்தது. ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார். அந்தம்மா அப்பாவின் விமான இன்ஜின் எண் எழுதியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி எண்ணும் சரியாக இருந்தது.

"எங்கப்பா இங்கதான் இருந்திருக்கார்" என்றார். அழவில்லை. நிமிர்ந்து நின்றார்.

சிக்னல் கிடைத்த பாறையில் நின்று அவர் அம்மாவுக்குப் போன் போட்டார். நாங்கள் தள்ளி நின்று அட்டையைப் பிடுங்கினோம்.

கீழே டீக்கடையில் காவலர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

"ஏ பிளேன்!"

"என்னலே?" என்று திரும்பினேன்.