பந்தக்கால் நட்ட மறுநாள்

நாடு முழுக்க ஊரடங்கு என்று டிவியில் சொன்னபோது எங்கே இருந்தாய் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்கவே வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், முகமெல்லாம் நலங்கு மஞ்சளோடு மணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம். முந்தின நாள்தான் வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள்.

நள்ளிரவிலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டதுமே நலங்கு வைக்க வந்த பெண்கள் செருப்பைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். மளிகைக் கடை மூடுவதற்குள் போக வேண்டுமே. எனக்கு ஆரத்தி சுற்றக்கூட ஆளில்லை.

அப்பாவும் வீட்டில் இல்லை. அவர் லாரி டிரைவர். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

தாய்மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "பந்தக்கால் நட்டாச்சு. இனிமே கல்யாணம் நின்னா, ராசியில்லாத பொண்ணுன்னு ஊரே பேசும். மாப்ள வூட்டுக்குப் போன் போடு. இப்பவே கெளம்பி வரட்டும். கோயில்ல தாலியக் கட்டிட்டு பன்னெண்டு மணிக்குள்ள பொண்ண கூட்டிக்கினு போயிடட்டும்."

அப்பாவைப் போனில் கேட்டால் அவரும் அதையேதான் சொன்னார். "எனக்காவ நிறுத்தாதீங்க. கல்யாணத்த நான் போன்ல பாத்துக்கறேன்." எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. கழுத்தை நீட்டப் போகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா இல்லாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. மஞ்சள் பூசிய பெண் கத்தக்கூடாதாம்.

மாப்பிள்ளை வீடு கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில். மரவள்ளி விவசாயம். போனை எடுத்தவர் மாப்பிள்ளையின் அம்மா. மாமா ஸ்பீக்கரில் போட்டு, படபடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் அவசரமே இல்லை.

"பொண்ணோட அப்பா எங்க இருக்காரு?"

"நாக்பூர்ல."

"அப்ப அவரு வரட்டும். பெத்தவரு உசிரோட இருக்கறப்ப வேற யாரோ தாரை வார்க்கறது இன்னா கல்யாணம்? மரவள்ளியக்கூட ஒடனே புடுங்கலன்னா ரெண்டு மாசம் மண்ணுலயே கெடக்குது, ஒன்னும் ஆவறதில்ல. ராசி கீசின்னு எவனாச்சும் பேசினா எங்கிட்ட அனுப்புங்க."

மாமா போனை வைத்தார். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்ததா என்று அதுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் அம்மாவை, என் அத்தையை, அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. என் கணவரிடம் இன்றைக்கும் இதைச் சொல்லி வெறுப்பேற்றுவேன்.

பந்தக்காலைக் கல்யாணம் முடியாமல் பிடுங்கக்கூடாது என்பதால் அம்மா அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். மூங்கிலோடு கட்டியிருந்த கல்யாண முருங்கைக் கொம்பு துளிர்விட்டு, தெரு ஆடுகளுக்கு நல்ல தீனியானது. அங்கே நாக்பூரில், மூடிக்கிடந்த குடோன் வாசலில் அப்பா லாரிக்கு அடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை தினமும் சாயங்காலம் அவருக்குப் போன் செய்து, சாப்பிட்டாரா என்று கேட்பாராம். இதை அப்பா பிற்பாடுதான் சொன்னார். நாங்களே சில நாள் மறந்திருக்கிறோம்.

ஒருவழியாக அப்பா ஊர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்திருந்து, நோய் இல்லை என்று சொல்லித்தான் வெளியே விட்டார்கள். அதற்கடுத்த முகூர்த்தத்தில், மலையடிவாரத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே கல்யாணம். வந்திருந்தது நெருங்கிய சொந்தம் மட்டும். ஆனால் வடக்கே போய் வந்தவர் என்ற பயம் யாருக்கும் போகவில்லை. அப்பா பந்தலுக்குள் காலை வைத்ததும் பாயில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். வேலி ஓரமாக நின்று பார்த்தால் போதும், தாரை வார்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா சொன்னார். அப்பா முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு வேலியோரம் போய் நின்றார். நான் மணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை சமையல் பக்கமிருந்து வந்தார். அப்பா எங்கே என்று பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே வேலிக்குப் போய் அப்பாவின் கையைப் பிடித்தார். அந்த நாட்களில் கூடப்பிறந்தவர்கள்கூட ஒருவரையொருவர் தொடவில்லை.

"வாங்கண்ணே. ஒங்களுக்காவத்தான இத்தினி நாளா காத்துக்கினு இருந்தோம்."

"தொடாதீங்கம்மா" என்று அப்பா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அத்தை விடவில்லை. எல்லோரும் பார்க்க, மணைவரை அவரைக் கூட்டிவந்து, என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் கையை விட்டார்.