பிரஸ் சத்தத்தில் எடுத்த முதுகெலும்புப் படம்

பூந்தமல்லிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் பயிற்சிக்குச் சேர்ந்த புதிது. கைக்குழந்தைக்குத் தலையோடு முதுகெலும்பும் எடுக்க வேண்டும் என்று சீட்டு வந்ததும், இதுவரை பார்க்காத ஸ்கேன் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சீனியர் அண்ணன் முறைத்தார்.

"எதுக்குடா பல்லக் காட்டுற? குழந்தைய யாராவது புடிச்சுக் குலுக்கிட்டாங்களான்னு பாக்குற ஸ்கேன் இது."

ஐந்து மாதப் பெண் குழந்தை. கட்டிலிலிருந்து உருண்டுவிட்டாள் என்றார்கள் பெற்றோர். தலைக்குள் ரத்தக் கசிவு இருந்ததால் டாக்டருக்குச் சந்தேகம். குலுக்கியிருந்தால் கழுத்துத் தசைநார்களிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் அடையாளம் தெரியலாம். அவள் அசைந்து படம் கலங்கினால் சந்தேகம் அப்படியே நிற்கும். அவள் வீட்டுக்குப் போவதும் நிற்கும்.

மயக்க மருந்து வேண்டாம், பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றித் தூங்கவைத்து எடுக்கலாம் என்று முடிவு. செருப்பைக் கழற்றினோம். தும்மலை விழுங்கினோம். நான் கிசுகிசுப்பாகத் தசைநார் பற்றி விளக்கத் தொடங்கியதும் அண்ணன் என் வாயைப் பொத்தினார். அவளோ புது மாநிலத்துக்கு வந்த கவர்னர் மாதிரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெல்ட், சாவி, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்த அப்பா, பேண்டை ஒரு கையால் பிடித்தபடி சொன்னார்: "சார், இப்டி கம்முனு இருந்தா அது தூங்காது சார். அம்பத்தூர்ல எங்க ஊட்டுக்குக் கீயவே பிரஸ் ஷாப்பு. நாள்பூரா தகடு அடிச்சிகினே இருப்பானுங்கோ. ஞாயித்துக்கெயம லீவு வுட்டா இவ அயுது தெருவையே எயுப்பிடுவா."

அண்ணன் நம்பவில்லை, வேறு வழியும் இல்லை. காதில் பஞ்சு, அதன் மேல் காதுமூடி வைத்து, முழித்திருந்தவளையே மெஷினுக்குள் அனுப்பினோம். அண்ணன் கண்ணாடி அறைக்குப் போனார்; நானும் அப்பாவும் அவள் பக்கத்திலேயே நின்றோம். மெஷின் டக்கடக்க என்று தொடங்கியது. அவளுக்குக் கண் செருகியது. தலை முடிந்தது. முதுகுக்கு மாற்றுவதற்காக மெஷின் கொஞ்சம் ஓய்ந்தது.

வீல்!

"சொன்னேன்ல!" என்றார் அப்பா. ஒரு கை பேண்டில் மாட்டிக்கொண்டதால் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியைக் காலால் என்னிடம் தள்ளினார். "தம்பி, நீ தட்டு!"

கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன்.

"அவ்ளோ வேகம் ஆவாது தம்பி. பிரஸ்ஸு மூச்சு வுட்டு அடிக்கும். டொம்ம்... டொம்ம்..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த அண்ணன் எங்களைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். மைக்கை அழுத்தினார். "டொம்ம்."

அழுகை அடங்கியது. மெஷின் எங்களிடமிருந்து வேலையை வாங்கிக்கொண்டது. படம் வந்தது பாருங்கள்! எலும்புகள் இட்லித் தட்டு அடுக்கிய மாதிரி, துளி ஆட்டமில்லை.

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்தார். "நா இன்னா பண்ணிட்டேன்னு பாக்கதான தம்பி இது? எதுனா கீதா அதுல?"

"டாக்டர்தான் சொல்லணும். ஆனா படம் ஆடலங்க." அதற்கே அண்ணன் என் காலை மிதித்தார்.

கழுத்தில் அடையாளம் ஏதும் இல்லை என்றார் டாக்டர். அது மட்டும் போதாது என்று கண்ணையும் மற்ற எலும்புகளையும் பார்த்தார்கள். பெற்றோரிடம் தனித்தனியாக விசாரித்தார்கள். கடைசியில் உருண்டு விழுந்ததுதான் என்று முடிவாகி, வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று வார்டுக்கு ஓடினேன். அப்பா மடியில் மகளோடு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது ஆஸ்பத்திரிங்க!" என்றார் நர்ஸ்.

"ஆட்டோ வர்ற வரிக்கும்தான் மேடம். அப்பால அந்தச் சத்தத்துலயே தூங்கிடுவா."