இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பேப்பர்

1996ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3ஆம் தேதி, வியாழக்கிழமை, விடியற்காலை 4 மணி 40 நிமிடம். புரட்டாசித் தூறல். குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை. காகிதத்தை நனைக்கும் அளவுக்கு இருந்தது. அந்த நேரத்தில்தான் செம்பட்டி முக்கில் வைத்து என் தம்பியின் இடது கண்ணை சைக்கிள் செயினால் அடித்துக் கெடுத்தார்கள். அவர் இறந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சர்க்கரை நோயால். இருந்தும் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதுங்கள் என்று தம்பி மனைவி சொன்னதும், எனக்கு அந்த நாள்தான் முன்னால் வந்து நின்றது.

இளையவருக்கு மூத்தவன் எழுத வேண்டியதாயிற்று. எனக்கு எழுபத்து மூன்று வயது. வீட்டில் அவரை 'அவன், இவன்' என்று பேசியே பழக்கம். அச்சில் வருவதால் 'அவர்' என்று எழுதுகிறேன்.

தம்பி 1943இல் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பிறந்தவர்கள் ஆறு பேர், பிழைத்தவர்கள் நான்கு பேர். நான் பயிற்சி முடித்து ஆசிரியர் ஆனேன். தம்பி இரண்டாம் முறையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார், லாரி ஆபீஸ், பூட்டுக் கடை, அரிசி மில் என்று மூன்று இடத்தில் வேலை பார்த்தார், மூன்றிலும் முதலாளியிடம் வாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான செம்பட்டியில் குடியேறி ஒரு நாளிதழுக்கு ஏஜென்ட் ஆனார். பதினெட்டு வீட்டில் தொடங்கினார். 1996இல் சந்தா வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. கடையில் தொங்கவிட்டு விற்பது அறுபது. விடியற்காலையில் வேன் முக்கில் பேப்பர் கட்டைப் போட்டுவிட்டுப் போகும். தம்பியும் சைக்கிள்காரர்கள் இருவரும் பிரித்துக்கொண்டு போவார்கள்.

அன்றைய பேப்பரில் எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று இருந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. அதில் நின்ற ஒரு வேட்பாளர், காண்ட்ராக்டர். ஏழு ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு போட்டதாகப் பணம் வாங்கியிருக்கிறார், ஐந்து ஊர்களில் குழியே இல்லை என்று படத்தோடு போட்டிருந்தார்கள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருகிறார்கள். நிருபர் முதல் நாளே அவரிடம் விளக்கம் கேட்டிருந்ததால், செய்தி வரப்போவது அவர் ஆட்களுக்குத் தெரியும். இரண்டு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர், வேனுக்கு முன்பே வந்து முக்கில் காத்திருந்தார்கள். சைக்கிள்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. நடந்த பேச்சைத் தம்பி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"என்ன பேப்பர்காரரே, இன்னைக்குக் கட்டு மொத்தமும் எங்களுக்குத்தான். ஒண்ணுக்கு அஞ்சு ரூபா. வாங்கிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கும்."

"கடை விற்பனைக்கு அறுபது இருக்குய்யா. அது யார் கேட்டாலும் குடுக்குறதுதான். அஞ்செல்லாம் வேணாம், ரெண்டு ரூபா போதும். மிச்சம் சந்தாப் பேப்பர்."

"அதுக்குஞ் சேத்துத்தானய்யா காசு தாரோம்?"

"அதுக்கு அவுக முன்னாடியே காசு குடுத்துட்டாக. அது என் பேப்பர் இல்ல. அடுத்தவக பொருளை நான் எப்படி விக்கிறது?"

"அடேங்கப்பா! பேப்பர் போடுறவரு கலெக்டர் கணக்கா ரூல்ஸ் பேசுறாரு. ஏலே, இவரு பேப்பரைப் படிச்சுட்டாருபோல. படிக்கிறது கண்ணுதான?"

முதல் அடி தோளில். இரண்டாவது கண்ணில். தம்பி கட்டின் மேலேயே குப்புற விழுந்தார். அவரை உதைத்துத்தான் புரட்ட முடிந்தது. மூன்று விலா எலும்பு முறிந்தது. வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்து, கட்டை அவர் தலைமாட்டிலேயே வைத்துக் கொளுத்தினார்கள். தூறலில் அது நன்றாக எரியவில்லை என்று மறுபடியும் பெட்ரோல் ஊற்றினார்கள். தம்பியின் தலைமுடி ஒரு பக்கம் கருகியது. போகும்போது ஒருவன், "அறுபதுக்குக் காசு வச்சுக்கோ, நாங்க யாரையும் ஏமாத்துறவுக இல்ல" என்று நூற்றிருபது ரூபாயை எண்ணி அவர் சட்டைப் பையில் செருகினான். ரத்தத்தில் ஒட்டிக்கொண்ட அந்த நோட்டுகளைத் தம்பி மனைவி தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்தார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது மணி ஏழரை. தலை முழுக்கக் கட்டு.

"அண்ணே, டவுனுக் கடையில இன்னைக்குப் பேப்பர் தொங்குதா?"

"தொங்குது. இப்ப ஒனக்கு அதுதான் கேடா? குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல? ஆயிரத்து முந்நூத்தி அறுபது ரூபாடா!"

"இருநூத்திப் பன்னெண்டு பேப்பர் வாங்கியாண்ணே."

"ஒரு கண்ணு போச்சுங்கிறாரு டாக்டரு. மிச்சம் ஒண்ணு இருக்குதேன்னு பாக்குறியா?"

"படிச்சுப்புட்டு அவருக்கே ஓட்டுப் போட்டாலும் போடட்டும்ணே. படிக்க விடாம ஓட்டு வாங்கிட்டுப் போகக் கூடாதுல்ல."

நான் முடியாது என்றேன். கொடுத்திருக்கலாம் என்பதுதான் இன்றைக்கும் என் கருத்து. ஆனால் தம்பி மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். "நீங்க சத்தம் போடாதீக அத்தான். ஆளுக்கொரு பக்கமாப் போவோம், வாங்க" என்றார். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா? இருபத்து மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். நூற்று நாற்பது பேப்பர் கிடைத்தது. எழுபத்திரண்டு குறைந்தது. அந்தச் செய்தியை மட்டும் வெட்டி ஜெராக்ஸ் எடுத்தோம், ஒன்றுக்கு ஒரு ரூபாய். தம்பியிடம் போய்ச் சொன்னால், "ஜெராக்ஸ் பேப்பர் ஆகாதுண்ணே. அந்த வீடுகளுக்கு ரெண்டு ரூபாயைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஆரஞ்சுப் பழத்தை அவர் கட்டிலில் எறிந்துவிட்டு வந்தேன்.

சைக்கிள்காரர்களில் ஒருவர் வர மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மற்றவரும், தம்பி மனைவியும், நானும் போட்டோம். பூக்கமிஷன் கடை வைத்திருந்த அம்மாள் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஏன் வாத்தியாரய்யா, நேத்துப் பேப்பரை இன்னைக்குக் கொண்டாந்து குடுக்குறீக, பூக்கட்டவா?"

"படிச்சுட்டுக் கட்டிக்கங்கம்மா."

அவர் நின்றபடியே படித்தார். பிறகு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "சீக்கிரமா வீடு போய்ச் சேருங்கய்யா" என்றார்.

சனிக்கிழமை நண்பகல் வந்தார்கள், இந்த முறை பத்துப் பேருக்குக் குறையாமல். முதலில் கடை எரிந்தது. உள்ளே நின்ற இரண்டு சைக்கிளும் எரிந்தன. பிறகு வீட்டுக்குள் நுழைந்தார்கள். என் கன்னத்தில் ஓர் அறை. மூக்குக் கண்ணாடி சுவரில் பட்டு உடைந்தது. எனக்கு அவ்வளவுதான். தம்பி மனைவியை மாவு ஆட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து முடியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"பேப்பர் போட்ட கை எதும்மா? வலதா, எடதா?"

"ரெண்டுந்தான்" என்றார்.

வலது கையை உரலின் விளிம்பில் வைத்துக் கட்டையால் அடித்தார்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

தேர்தல் நடந்தது. அந்த வேட்பாளர் ஜெயித்தார். தம்பி பேப்பர் போட்ட தெருக்களின் வாக்குச்சாவடிகளில் மட்டும் பின்தங்கினார் என்று எண்ணிக்கைக்குப் போனவர்கள் சொன்னார்கள். அது போதவில்லை.

தம்பி ஒற்றைக் கண்ணோடு வீடு திரும்பியதும், சந்தாக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், சிலர் கொல்லைப்புறமாக. "பேப்பர் வேணாம்ணே, தப்பா நெனைக்காதீக. மகளுக்குச் சத்துணவுல வேலை கேட்டிருக்கோம்." "அவரு கையெழுத்து இல்லாம எங்க லோன் நகராது." பத்து நாளில் நூற்று எழுபத்தைந்து வீடுகள் நின்றன. முப்பத்தேழு மிஞ்சியது. நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் மீதி நாளுக்கான முன்பணத்தைத் தம்பி திருப்பிக் கொடுத்தார். பல பேர் கேட்கவே இல்லை. இவர் தேடிப் போய்க் கொடுத்தார்.

"இவனுகளுக்காகத்தான கண்ணை விட்ட? நல்லா வேணும்டா ஒனக்கு" என்றேன்.

"அவுகளுக்குப் பயம் இருக்காதாண்ணே? எனக்கும் இருக்கத்தான செய்யுது" என்றார். மறுநாள் காலையில் முப்பத்தேழு பேப்பரோடு கிளம்பிவிட்டார். தூரம் சரியாகத் தெரியாமல் முதல் வாரத்தில் இரண்டு முறை சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார்.

வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. முக்கில் டீக்கடை வைத்திருந்தவர் எல்லாவற்றையும் பார்த்தவர். கூண்டில் ஏறி, அன்றைக்கு மழை, கடையே திறக்கவில்லை என்றார். தம்பி மனைவி ஒருவர்தான் சொன்னதை மாற்றாமல் சொன்னார். நான்கு பேரும் விடுதலை ஆனார்கள். இதற்கிடையில் 2001 தேர்தலில் அந்தப் பெரிய மனிதர் தோற்றுப்போனார். தம்பியால்தான் என்று நான் எழுத மாட்டேன். அந்த ஐந்து ஊர்களுக்கும் அதுவரை தண்ணீர் வரவில்லை, அதனால் இருக்கலாம்.

தம்பி கடைசி வரை ஏஜென்சியை விடவில்லை. சந்தா மெல்லக் கூடி நூற்று நாற்பத்தொன்று வரை வந்தது. கடைசி ஆண்டில் சிறுநீரகம் கெட்டு, மற்றக் கண்ணும் மங்கியபோது தம்பி மனைவிதான் பேப்பர் போட்டார். சரியாகக் கூடாத அந்தக் கையால்தான் இன்றும் போடுகிறார். 2008 நவம்பரில், அறுபத்தைந்தாவது வயதில், பங்குச் சாமியாரிடம் நோயில் பூசுதல் பெற்று, தம்பி அமைதியாக இறந்தார். மேட்டுப்பட்டிக் கல்லறையில் அப்பாவுக்கு அருகில் இருக்கிறார்.

முக்கில் கிடந்தவரைத் தன் சீட்டு ரத்தமாவதைப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு போன ஆட்டோக்காரருக்கும், காசு வாங்காமல் கட்டு மாற்றிய நர்ஸ் அம்மாவுக்கும், அந்த முப்பத்தேழு வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெயர் போடவில்லை, போட்டால் சிலருக்கு இன்னும் சங்கடம். நிறுத்திய நூற்று எழுபத்தைந்து வீட்டாரில் பலருக்கும் இந்த மலர் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்களும் வர வேண்டும். தம்பி உங்களைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை; பேசியது நான்.

தம்பி வைத்துவிட்டுப் போன பாக்கி எவ்வளவு என்று உறவினர் சிலர் கேட்கிறார்கள். பாக்கி இல்லை. கடைசிக் கடனை இறப்பதற்கு முந்தைய ஆண்டிலேயே அடைத்துவிட்டார். கட்டு எரிந்த நஷ்டம், திரும்ப வாங்கிய பேப்பர், ஜெராக்ஸ், திருப்பிக் கொடுத்த முன்பணம், மதுரையில் கண்ணுக்குச் செய்த ஆபரேஷன், மனைவியின் கை, கடை, சைக்கிள், ஆறு ஆண்டு வக்கீலும் பஸ் கட்டணமும் என்று எல்லாவற்றையும் நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். ஒருநாள் பேப்பரை அதற்கு உரியவர்கள் வீட்டில் சேர்ப்பதற்கு அவருக்கு ஆன செலவு நாற்பத்தைந்தாயிரத்து இருநூற்று நான்கு ரூபாய்.