அரைப்பேரை ஒழிக்க வந்தவர்

ஒரே ஒரு மலையாம், அந்த மலையில் ஒரே ஒரு மைக்காம், மைக்கைப் பிடித்த வாய் ஒருவனுடையதாம், அதில் வந்த பேச்சு இன்னொருவனுடையதாம். அந்த வாய் என்னுடையது. தேர்தல் வேனில் ஏறி அடுத்தவர் பெருமையைக் கத்திப் பிழைத்தவர்களே, உங்கள் தொண்டையும் இப்படித்தான் எரிந்திருக்கும்.

பிறந்த காம்பரா

"லயத்தில் பிறந்த உங்கள் வீட்டுப் பிள்ளை." மாகாண சபைக்கு நின்ற எங்கள் வேட்பாளரைப் பற்றி நான் கத்த வேண்டிய முதல் வரி இது. அவர் இருப்பது பண்டாரவளையில், மாடி வீட்டில். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிய தொழிலாளர் அறைகளான லயத்தின் கடைசிக் காம்பராவைத் தொட்டு, இங்கேதான் பிறந்தேன் என்று கண்ணைத் துடைத்தார். படமும் எடுத்தாயிற்று. அந்தக் காம்பராவில் குடியிருப்பவர் செல்வமணி அக்கா, கொழுந்து பறிப்பவர். வாசலில் மகள் பள்ளிக்குக் காலில் மாட்டிப் போகும் வாய் பிளந்த சப்பாத்தைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பொறந்திருப்பீங்க ஐயா. ஆனா அப்ப இது மாட்டுப்பட்டிங்க."

கொள்கை

துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: 'அரைப்பேரை ஒழிப்பேன்.' நாள் முழுக்க மலையில் நின்றாலும் கொழுந்து எடை குறைந்தால் பாதி நாள் கூலிதான், அதுதான் அரைப்பேர். எங்கள் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எப்படி ஒழிக்கப்போகிறோம் என்று சொன்னால் மைக்கில் விளக்கிப் பேசலாமே என்று அப்புத்தளைக்குப் போகும் வழியில் கேட்டேன். லயத்தில் பிறந்தவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே கேட்டார்:

"அது சரி தம்பி, அரைப்பேரை யாரு போடுறாங்க, எதுக்குப் போடுறாங்க?"

மலையை விட்டு இறக்கியது

அடுத்த வாரம் அதே தோட்டம். பறிக்கிற நேரத்தில் பெண்களைக் கூட்டத்துக்குக் கீழே கூப்பிடச் சொல்லி வேட்பாளர் போன் பண்ணினார். எடை குறையுமே என்றேன். தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசியாச்சு, எல்லாருக்கும் முழு நாள் கூலி, முழுப்பேரே விழும், அதையும் சேர்த்துச் சொல் என்றார். சொன்னேன். செல்வமணி அக்கா மட்டும் தயங்கினார். மழையில் ஏற்கெனவே சில அரைப்பேர் விழுந்திருந்தது. இன்னொன்று விழுந்தால் இந்த மாதமும் மகளுக்குச் சப்பாத்து கிடையாது. தம்பி சொல்லுதே என்று கடைசியில் அவரும் இறங்கினார். வேட்பாளர் வந்து சேரவே உச்சி வெயில் ஆகிவிட்டது. மாலை வாங்கிக்கொண்டு, அரைப்பேரை ஒழிப்பதைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார்.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் அரைப்பேர் போட்டார். துரை ஒன்றும் சொல்லவில்லையே என்றார். வேட்பாளருக்கு போன் அடித்து, இப்போதே துரையிடம் பேசுங்கள் என்றேன். நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான், அதுவும் மைக் இல்லாமல். அவர் நிதானமாகச் சொன்னார்:

"எலெக்சன் நேரத்துல துரையைப் பகைச்சுக்க முடியுமா தம்பி? ஜெயிச்சதும் பேசுவோம்."

தராசடியில்

ஒவ்வொருவராகக் கூடையைத் தட்டிக்கொண்டு போனார்கள். கடைசியாக நின்றவர் செல்வமணி அக்கா. போன் பேச்சை அவரிடம் அப்படியே சொன்னேன். தலைக்கயிற்றைச் சுருட்டிக் கூடைக்குள் போட்டார்.

"ஒங்க கொரலு நல்லாத்தான் இருக்கு தம்பி. நாளைக்கு மைக்க வச்சிட்டு, எங்கூட ஒரு கூடை கொழுந்து எடுக்க வாங்க."

சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தார்.

அரைப்பேரை ஒழிக்க வந்த நாளில் அந்த மலையில் முழுப்பேர் விழுந்தது இரண்டே பேருக்கு, பேசிய அவருக்கும் கத்திய எனக்கும்.