ரெண்டாவது பிள்ளைக்கு என்ன பேருங்க?

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க விண்ணப்பம் அடித்துக் கொடுப்பது என் தொழில். முதல் பிள்ளைக்குப் பெயரோடு வருவார்கள். ரெண்டாவதுக்குச் சண்டையோடு வருவார்கள். மூத்ததற்குப் பொருந்துகிற மாதிரி நல்ல பழைய பெயராகத் தேடித் தூக்கம் கெட்டவர்களே, நீங்களெல்லாம் என் ஆட்கள்.

மரியாளின் தங்கை

முதலில் சக்குபள்ளத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதி வந்தார்கள். மூத்தவள் மரியாள். சின்னவளுக்கு மார்த்தாள் என்று எழுதி வந்திருந்தார் கணவர். வேதத்தில் அவர்கள் அக்கா தங்கை. மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்பாள், மார்த்தாள் வீட்டு வேலை பார்ப்பாள்.

மனைவி தாளைத் திருப்பி வைத்துவிட்டு எலிசபெத் என்று அடிக்கச் சொன்னார். "மார்த்தாளுக்கு என்ன குறை?" என்றார் கணவர்.

"ஏலக்காட்டுல நான் ஒருத்தி குனிஞ்சது போதும். இவளாவது அக்காகூட உக்காரட்டும்."

முருகன் பக்தர்

கல்யாணமாகிச் சித்தூர் வந்து சொந்தமாகக் கடை போட்டேன். பக்கத்து ஊரான பெருமாட்டியிலிருந்து வந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர், மூத்தவள் வள்ளி என்றும் சின்னவளுக்குத் தெய்வானைதான் என்றும் உற்சாகமாகச் சொன்னார். நானும் அடிக்கத் தொடங்கினேன். அவர் மனைவி குறுக்கிட்டார்.

"ஏனுங்க, ரெண்டு பேத்துக்கும் ஒரே மாப்பிள்ளையா பாக்கப் போறீங்க?"

லட்சுமணன்

கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தம்பதியிடம் வழக்கம்போல, "மூத்தவன் பேரென்னங்க?" என்று கேட்டேன். கணவர் சொன்னார்: "ராமனுங்க. போன ஆடில காய்ச்சல்ல போயிட்டான். இவனுக்கும் அதே பேரை அடிச்சிருங்க."

மனைவி சட்டென்று என் கையைப் பிடித்தார். "வேண்டாமுங்க. அவன் பேரு அவனுக்கே இருக்கட்டும். லட்சுமணன்னு அடிங்க."

கணவர் அவர் பக்கம் திரும்பினார். "லட்சுமணன்னு கூப்புட்டா, ராமன் எங்கேன்னு ஊர்ல கேப்பாங்களே?"

எனக்குத் திரையில் எழுத்து தெரியவில்லை. அந்த அம்மா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கேக்கட்டுமுங்க. அப்பவாச்சும் அவன் பேரை நாலு பேரு சொல்லுவாங்கல்லங்க."

ஊருக்கெல்லாம் பெயர் அடித்துக் கொடுத்த என் வீட்டில், எந்தப் பெயர் என்று முடிவாகாமல், ரெண்டாவது மகனை ஏழு மாதம் "தம்பி" என்று மட்டுமே கூப்பிட்டோம் என்பதை, கடைக்கு வருகிறவர்களிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை.